அறுத்த செருப்போடு வருகிறவர்கள்

786
பசார் வீதி, பதுளை
4.3.1973

அன்புள்ள தம்பையாவுக்கு,

இறைவன் காவலில் நான் சுகம். நீயும் அம்மாவும் கடல் கடந்த களைப்புத் தீர்ந்து சுகமாக இருக்கிறீர்களா? தலைமன்னாரில் கப்பல் ஏறியதோடு சரி, இன்னும் ஒரு வரி கூட வரவில்லை. உனக்கு எழுத வராது என்று நினைத்துக்கொள்ள நான் என்ன உன்னைத் தெரியாதவனா?

உன் அப்பாவோடு எனக்கு இன்னும் கோபம்தான். மௌத்தாகி மண்ணுக்குள் போன மனுஷனோடு கோபப்படக் கூடாது என்பார்கள். அவர் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பம் முழுக்க இந்தியாவுக்குப் போவதாக மனுப் போட்டார், அதில் உன் பெயரையும் சேர்த்தார். ஒன்பது வருஷமாக இந்தத் தோல் கடையில் என்னோடு தைத்து, என்னோடு சாப்பிட்டு, மாடி அறையில் என்னோடு படுத்து எழுந்தவனை ஒரு கடுதாசியைக் காட்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். உன் குறட்டையை எத்தனை நாள் திட்டியிருப்பேன். இப்போது அது இல்லாமல் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் வந்தார்கள். நீ தொடங்கிவைத்த வழக்கம் அப்படியே நடக்கிறது. செருப்பு வாரைக் கத்தியால் அறுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் வாரைப் பார்த்துவிட்டு, "உள்ளே உட்காருங்க, நேரமாகும்" என்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர்கள் செருப்புத் தைக்க வந்தவர்கள். பின்னறைக்குப் போனால் அவர்கள் அவர்களாக இருக்கிறார்கள். ஆணுக்கு ஆண் மேல் ஆசை வந்துவிட்டால், இந்த ஊவா மாகாணம் முழுக்க அவனுக்கு வேறு எங்கே ஒரு பாய் விரித்திருக்கிறது?

ஆனால் உன் கண் எனக்கு இல்லை. நேற்று ஒரு லொறிக்காரன் வந்தான். வார் தானாக அறுந்ததா, அறுத்துக்கொண்டு வந்ததா என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் "என்ன முதலாளி, செருப்பில ஜாதகமா பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

உடனே எழுது.

உன்
மஹ்ரூப்


கதிர்காமக் கந்தன் துணை
திண்டுக்கல்
10.4.1973

அன்புள்ள நானாவுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் நெஞ்சுச் சளி எப்படி? மல்லித் தண்ணீர் குடிக்கிறீர்களா, இல்லை பிளேன் டீயிலேயே காலம் போகிறதா?

மண்டபம் முகாமில் கிடந்துவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் மாமா ஊருக்குப் போனோம். அம்மாவுக்குக்கூட அந்த ஊர் நினைவில்லை, கைக்குழந்தையாகச் சிலோனுக்குப் போனவர். என்ன வேலை தெரியும் என்று மாமா கேட்டார். செருப்புத் தைப்பேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அதை வெளியில சொல்லித் தொலைக்காதப்பா, பொண்ணு குடுக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அதனால் திண்டுக்கல்லுக்கு வந்து தோல் ஷாப்பில் பதனிடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இந்தப் பக்கம் உங்கள் ஆட்கள் நிறைய. பள்ளிவாசல் இருக்கிறது, பிரியாணி இருக்கிறது. குளிர் ஒன்றுதான் இல்லை. என்னைச் "சிலோன்காரன்" என்கிறார்கள். அங்கே என்னைக் "கள்ளத்தோணி" என்றவர்களும் இவர்களும் ஒருநாள் சந்தித்துப் பேசி முடிவு செய்தால் நல்லது.

வாரைப் பற்றி: அறுந்த நுனியைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உள்ள ஊசித் துளையைப் பாருங்கள். தேய்ந்து அறுந்த வாரில் துளை இழுபட்டு நீண்டிருக்கும். கத்தியால் அறுத்ததில் துளை உருண்டையாகவே இருக்கும். மறக்க வேண்டாம், இது விளையாட்டுக் காரியம் இல்லை.

நானா, இங்கே வந்துவிடுங்கள். சின்னதாக ஒரு கடை போடலாம். நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லை.

உங்கள்
தம்பையா


786
பதுளை
17.6.1973

அன்புள்ள தம்பையாவுக்கு,

நான் சுகம். சளி விட்டுவிட்டது, மல்லித் தண்ணீரும் குடித்தேன், போதுமா? உன் அம்மா இராக்கம்மா அக்காவின் முட்டு வலி எப்படி என்று எழுது.

வா என்கிறாய். வரத்தான் ஆசை. ஆனால் இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. பாண் வாங்க பேக்கரி வாசலில் விடியற்காலையிலேயே வரிசை. தோட்டங்களில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. மடுல்சீமைப் பக்கம் மரவள்ளி இலையை அவித்துத் தின்கிறார்களாம். பூனாகலை ரெங்கசாமி மாஸ்டர் போன கிழமை வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதைச் சொன்னவர், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதார். அவர் அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்தானே?

பஸ் கண்டக்டர் ஸலீமும் தேயிலை ஃபாக்டரி டீமேக்கர் வீரசிங்கமும் பழையபடிதான். வந்தால் சண்டை, போகும்போது ஒருவர் கையை ஒருவர் விட மாட்டார்கள். வீரசிங்கத்துக்கு வீட்டில் மனைவி, நாலு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று மணி நேரம் போனால் அவனுக்கு என்ன மிச்சம்? கடையைப் பூட்டினால் இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? கொஞ்சம் பொறு.

உன்
மஹ்ரூப்


கதிர்காமக் கந்தன் துணை
திண்டுக்கல்
2.9.1973

அன்புள்ள நானாவுக்கு,

நலம். நீங்களும் உங்கள் தங்கை ஸைனப் வீட்டாரும் நலமாக இருக்கக் கந்தன் அருள் வேண்டும். அவர் மகள் முஹ்ஸினாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா?

எனக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். மாமா மகள் நல்லம்மா. தையில் கல்யாணம் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். "எனக்கும் வயசாகுது, நாதியத்த ஊருல ஒன்னை யாருகிட்ட விட்டுட்டுச் சாவேன்?" என்கிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கு இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

ஸலீம் எங்கே போவான், மாஸ்டர் எங்கே போவார் என்று எழுதினீர்கள். நான் எங்கே போவேன் என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்து கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எந்த மாதம் என்றுகூட வேண்டாம். அந்த ஒரு வார்த்தை கையில் இருந்தால் அம்மாவின் அழுகையை நான் தாங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் என்னால் முடியாது நானா, நான் அவ்வளவு பலசாலி இல்லை.

உங்கள்
தம்பையா


786
பதுளை
7.10.1973

அன்புள்ள தம்பையாவுக்கு,

நோன்புக் காலம். உடம்பு சுகம், மனசு அதைவிடச் சுகம்.

வருகிறேன்.

இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. வருகிறேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாயிற்று. பார்த்தால் ஆடு திருடியவன் மாதிரி இருக்கிறேன். கடையைப் பூட்டப் போவதில்லை, ஸலீமிடம் விட்டுவிட்டு வருகிறேன். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்குத் தோல் கிழிக்கத் தெரியாதா?

ஒரே ஒரு காரியம் பாக்கி. முஹ்ஸினாவுக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் ஷுக்ரி. ஜவுளிக்கடைக்காரர்கள், மரியாதையான குடும்பம். தாய்மாமன் நான் நின்று பேசி முடித்துவிட்டால் என் கடமை தீர்ந்தது. தை பிறக்கும்போது நான் உன்னிடம் இருப்பேன். அம்மாவிடம் கல்யாணப் பேச்சை நிறுத்தச் சொல். என்ன பொய்யாவது சொல்லிக்கொள்.

உன்
மஹ்ரூப்


கதிர்காமக் கந்தன் துணை
திண்டுக்கல்
1.11.1973

அன்புள்ள நானாவுக்கு,

நலமோ நலம். பெருநாள் நன்றாகப் போயிருக்கும்.

உங்கள் கடிதத்தைத் தோல் ஷாப்பில் தொட்டியில் நின்றுகொண்டே படித்தேன். முழங்கால்வரை நாற்றத் தண்ணீர், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மேஸ்திரி "சிலோனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பேகம்பூரில் ஒரு கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் யாராவது வந்து உட்காரலாம். இந்த ஊரிலும் நம் ஆட்கள் இருக்கத்தானே செய்வார்கள்? எனக்கு ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது, ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பாதி நம்பியிருக்கிறார்.

கப்பல் தேதியை எழுதுங்கள். ராமேஸ்வரத்துக்கு வந்து நிற்பேன்.

உங்கள்
தம்பையா


786
பதுளை
28.12.1973

தம்பையாவுக்கு,

நலம். கடை நன்றாக நடக்கிறது. இப்போது விட்டுவிட்டு வரும்படியாக இல்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்கு இந்த ஊர்தான் சரி என்று படுகிறது. அம்மா சொல்வதைக் கேட்டு நட. நல்லம்மா நல்ல பிள்ளையாக இருக்கும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்.

மஹ்ரூப்


கதிர்காமக் கந்தன் துணை
வேடசந்தூர்
3.2.1974

மரியாதைக்குரிய மஹ்ரூப் முதலாளி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் கடையின் நலமும் அறிய ஆவல்.

தாங்கள் சொன்னபடியே தை மாதம் எனக்கும் நல்லம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. தாங்கள் சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? தாலி கட்டும்போது மூன்று முடிச்சுக்குப் பதிலாக நாலு போட்டுவிட்டேன். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று சனங்கள் சிரித்தார்கள்.

வர முடியாது என்பதை எழுத உங்களுக்கு அத்தனை நாள் பிடித்தது. நான் தினமும் தபால்காரனின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வராவிட்டால் போகிறது. ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? ஒன்பது வருஷத்துக்கு நான் ஒரு வரி பெறமாட்டேனா? கடைதான் பெரிது என்றால் கடையையே கட்டிக்கொண்டு நன்றாக இருங்கள். இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ச. தம்பையா


பூனாகலை
24.2.1974

அன்புத் தம்பி தம்பையாவுக்கு,

ரெங்கசாமி மாஸ்டர் எழுதுவது. நான் நலம். புது மணமக்கள் நலமாக இருக்க வேண்டும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று மஹ்ரூப் என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். உன் கடைசிக் கடிதத்தை அவர் படித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதன் பிறகும் சொல்லாமலிருந்தால் நான் மனுஷனில்லை.

கடை இல்லை, தம்பி. கார்த்திகை மாதமே போய்விட்டது.

இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், ஒரு பெண்ணைப் பேசி முடிக்குமுன் அந்த வீட்டு ஆண்களின் கடைக்கு யாராவது ஒருவர் சாமான் வாங்குகிற மாதிரிப் போய்ப் பார்த்து வருவது வழக்கம்தானே. ஷுக்ரியின் அண்ணன் ஜுனைதீன் அப்படி வந்தார். யார் என்று சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நிஜமாகவே அவர் செருப்பு வார் அறுந்திருக்கிறது. ரொம்பச் சுத்தம் பார்க்கிற மனுஷன். நூல் தொங்க, பிய்ந்த வாரோடு கடைக்குள் போகக் கூச்சப்பட்டு, வழியில் சலூனில் கத்தி வாங்கி நுனியை ஒழுங்காக நறுக்கிக்கொண்டு வந்துவிட்டார், சலூன்காரர் பிறகு சொன்னது.

மஹ்ரூப் நுனியைப் பார்த்தார். துளையைப் பார்க்கவில்லை. உன்னிடம் வருகிற சந்தோஷத்தில் இருந்தார், அவருக்குத் துளை எங்கே தெரியும்? "உள்ளே உட்காருங்க, நேரமாகும்" என்றார். அவர் உள்ளே வந்தார். வீரசிங்கத்தின் மடியில் தலை வைத்து ஸலீம் படுத்திருந்தான். வீரசிங்கம் அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தான். நான் அந்த மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஜுனைதீன் செருப்பைக்கூடத் திருப்பி வாங்காமல் வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

சம்பந்தம் முறிந்தது. ஊர் பேசியது. ஸைனபின் புருஷன் அஸீஸ் வந்து கடையை இழுத்துப் பூட்டினார். ஸைனப் திட்டவில்லை, அதுதான் மஹ்ரூப்பை உடைத்துவிட்டது. "நானா, நீங்க எப்படியும் இருந்துட்டுப் போங்க. எம்புள்ள என்ன செஞ்சா? நீங்க இந்தியாவுக்குப் போனா, அவன்கிட்டதான் ஓடிட்டாருன்னு சொல்லுவாங்க. அதுக்குப் பெறகு இவளை யாரு கட்டுவா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். முஹ்ஸினா அறையை விட்டு வெளியே வரவில்லையாம். இனி இந்தியா என்ற பேச்சே எடுக்க மாட்டேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது வெலிமடையில் அஸீஸின் கிழங்குக் கடையில் லீக்ஸ் தண்டுகளைக் கட்டுக் கட்டுகிறார். நீ பசார் வீதிக்குப் போடும் கடிதத்தைத் தபால் கந்தோரில் நான் வாங்கி அவரிடம் கொண்டுபோகிறேன். அவர் எழுதுவதைப் பதுளையில் நான் தபாலில் சேர்க்கிறேன், முத்திரை பதுளை என்று விழ வேண்டுமாம். "ஏன் இந்தப் பொய்?" என்று கேட்டேன். "எனக்காகக் காத்திருப்பான் மாஸ்டர். கோவப்பட்டான்னா கட்டிக்குவான். கோவத்தில கெடந்தாலும் பரவாயில்ல, அவனாச்சும் ஒரு வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

ஸலீம் வேறு டிப்போவுக்கு மாற்றல் கேட்டுக் கல்முனைப் பக்கம் போய்விட்டான். வீரசிங்கம் டவுனுக்கே வருவதில்லை. எனக்கும் இப்போது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

இதைக் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
ரெங்கசாமி


786
பதுளை
21.4.1974

அன்புள்ள தம்பையாவுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதினாய். எழுதுகிறேன், கிழித்துப் போட்டாலும் சரி. நீயும் நல்லம்மாவும் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தாயே. கோபத்தில்தான் கேட்டாய், ஆனாலும் கேட்டாய். கடை அமோகம். முன்கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை போதவில்லை, போயா பௌர்ணமி விடுமுறையிலும் வருகிறார்கள். பின்னறைக்கு இன்னொரு பாய் வாங்கிப் போட்டேன். பாண் வரிசையும் குறைந்துவிட்டது.

போன கிழமை நடந்ததைக் கேள். மடுல்சீமையிலிருந்து ஒரு கங்காணி வந்தார். பேரன் பேத்தி எடுத்தவர், வெற்றிலைப் பெட்டியும் கோட்டும் தலைப்பாகையுமாக. யாரோ அவரிடம் நம் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செருப்பை அறுத்தால் போதும் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். மனுஷன் இரண்டு செருப்பையும் அறுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லும் முள்ளுமாக வெறுங்காலில் வந்து நிற்கிறார். "ரெண்டும் ஒரே நேரத்தில அறுந்துபோச்சுங்க மொதலாளி" என்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு "உள்ளே உட்காருங்க, ரொம்ப நேரமாகும்" என்றேன்.

உள்ளே ஸலீமுக்கும் வீரசிங்கத்துக்கும் சண்டை, கடைசி ரொட்டியை யார் தின்றது என்று. மாஸ்டர் நீதிபதி. கங்காணி ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். "இப்படி ஒரு எடம் இருக்குன்னு யாருமே எனக்குச் சொல்லலியே, இத்தனை வருசமா" என்றார். ஸலீம் தன் ரொட்டியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தான். ஆக, ரொட்டி அவனிடம்தான் இருந்திருக்கிறது!

சிரித்தாயா? இப்படித்தான் போகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

மஹ்ரூப்


கதிர்காமக் கந்தன் துணை
வேடசந்தூர்
19.5.1974

அன்புள்ள நானாவுக்கு,

நலம். நீங்கள் வெலிமடைக் குளிரில் சளியோடு இருப்பீர்கள். கம்பளியைக் காதுவரை போர்த்திக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடை இல்லை என்று தெரிந்துதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். தெரிந்திருந்தும் கங்காணி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஸலீம் ரொட்டி கொடுத்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

உங்களை முதலாளி என்று எழுத வைத்த கோபம் எல்லாம் செத்துவிட்டது. ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்கள் எழுதியிருந்தால் முஹ்ஸினாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை இன்னும் பத்து வருஷம்கூடக் காத்து நின்றிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் எழுதவில்லை. உங்களை என்ன செய்வது நானா?

நான் சிரித்ததைப் பார்த்து நல்லம்மா என்ன என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். அவள் நல்ல பெண், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை. முழுக்கக் கேட்டாள். "இப்படிப்பட்ட ஆளுங்கள விட்டுட்டு ஏங்க வந்தீங்க?" என்றாள். ஒப்பந்தம் என்றேன். "அங்கயே இருந்திருக்கலாம், பாவம் நீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

கடையைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். மாஸ்டரையே பதுளையில் தபாலில் சேர்க்கச் சொல்லுங்கள், நானும் பசார் வீதிக்கே பதில் போடுகிறேன். ஸலீம், வீரசிங்கம், மாஸ்டர், முன்பின் தெரியாத அந்தக் கங்காணி என்று எல்லோரையும் அந்தப் பாயில் உட்கார வைத்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், நான் மட்டும் இல்லை.

அடுத்த கடிதத்தில் என்னையும் உட்கார வைத்து எழுதுங்கள், நானா.

உங்கள்
தம்பையா